லிங்க்ட் லிஸ்டைத் தலைகீழாக்க மூன்று பொயின்டர் போதும்

லிங்க்ட் லிஸ்ட் என்பது நோட்களின் (தரவு வைக்கும் பெட்டிகளின்) சங்கிலி; ஒவ்வொரு நோடிலும் அடுத்த நோடைக் காட்டும் 'நெக்ஸ்ட்' என்ற இணைப்பு இருக்கும். ஹட்டன் → கொட்டகலை → தலவாக்கலை → நானுஓயா என்று நான்கு நோட்களைக் கொப்பியில் வரையுங்கள். 'முந்தியது', 'இப்போது', 'அடுத்தது' என்பவைதான் அந்த மூன்று பொயின்டர்கள், அதாவது ஒரு நோடைச் சுட்டும் மாறிகள். 'முந்தியது' நல்லில் (எந்த நோடையும் சுட்டாத வெற்று மதிப்பு) தொடங்கும், 'இப்போது' ஹட்டனில். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் 'இப்போது' நோடின் நெக்ஸ்டை 'அடுத்தது' என்பதில் சேமியுங்கள். அதன்பிறகே அந்த நெக்ஸ்டை 'முந்தியது' பக்கம் திருப்ப வேண்டும். வரிசை மாறினால் கொட்டகலை முதல் எல்லாம் கைவிட்டுப்போகும், மீட்க வழியில்லை. பிறகு 'முந்தியது', 'இப்போது' இரண்டையும் ஓரடி நகர்த்துங்கள்.

'இப்போது' நல் ஆகும்வரை சுற்று ஓடட்டும். அதற்குப் பதிலாக அதன் நெக்ஸ்டைச் சோதித்தால் நானுஓயா திரும்பாமலே நின்றுவிடும். வெற்று லிஸ்ட் வந்தால் அந்தச் சோதனையிலேயே புரோகிராம் விழும்.

சுற்று முடிந்ததும் புதிய ஹெட் (லிஸ்டின் முதல் நோட்) 'முந்தியது'. பழைய ஹெட்டை ரிட்டர்ன் செய்துவிட்டு, ஹட்டன் மட்டும் ஏன் பிரின்ட் ஆகிறது என்று முழிப்பவர்கள்தான் அதிகம்.