ஸ்பிரே ரின்னைக் கையில் எடுக்க முதல் விடுகிற பிழைகள்

பிளாஸ்ரிக் பாகங்களை ஒட்டிச் செய்கிற மாடல் காருக்குப் பெயின்ற் சரிவரவில்லை என்றால் கன பேர் பெயின்ற்றைத்தான் குறை சொல்வார்கள். என்னுடைய முதல் 1:24 (உண்மையான காரின் 24இல் ஒரு பங்கு) மினி கூப்பர் தேமல் விழுந்த மாதிரி வந்தபோது நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். பிழை கிணற்றுத் தண்ணீரில் இருந்தது.

பிளாஸ்ரிக் பாகங்கள் அச்சிலிருந்து லேசாகக் கழன்று வர ஒரு எண்ணெய்ப் பசை பூசுவார்கள். அது பாகங்களிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், அதன் மேல் பெயின்ற் பிடிக்காது. ஆகவே சட்டி கோப்பை கழுவுகிற திரவமும் பழைய பல் பிரஷும் எடுத்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும்; கொதிநீர் வேண்டாம், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். இதுவரை நான் சரிதான். அப்புறம் கிணற்றடியில் அலசி அப்படியே காயவிட்டேன். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் காரின் கூட்டிலும் துளித்துளியாகக் காய்ந்து நின்றிருக்கிறது. கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரோ வடிகட்டின தண்ணீரோ பாவியுங்கள். பழைய சாரத்துணியால் தேய்த்துத் துடைக்கவும் வேண்டாம். நூல் தும்பு ஒட்டும், தேய்க்கத் தேய்க்க மின்னேற்றம் உண்டாகி முற்றத்துத் தூசியெல்லாம் வந்து குந்தும். கழுவின பிறகு வெறுங்கையால் பிடித்தால் விரல் எண்ணெய் திரும்ப ஏறும். காரின் கூரையின் உட்பக்கத்தை இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப்பால் ஒரு போத்தல் மூடியில் ஒட்டிவிட்டுப் போத்தலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அச்சுக்கோடு. அச்சின் துண்டுகள் சந்திக்கிற இடத்தில் மயிரிழை போல ஒரு மேடு வரும். பெயின்ற் மூடிவிடும் என்று விடாதீர்கள், மினுங்குகிற பெயின்ற் அதை இன்னும் எடுத்துக் காட்டும். 600ஆம் நம்பர், பிறகு அதைவிட நைசான 1000ஆம் நம்பர் சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். ஆனால் கண்ணில் பட்ட எல்லா மேட்டையும் தேய்க்கிறதும் பிழை. மினியில் முன் மட்காட்டுக்கும் கதவுக்கும் இடையிலும் பின் மூலைகளிலும் வெளியே துருத்திக்கொண்டு ஒரு விளிம்பு இருக்கும். 1959இல் வந்த உண்மையான காரிலேயே தகடுகளை வெளிப்பக்கமாக மடித்து வெல்டிங் பண்ணியிருந்தார்கள், அந்தக் காரின் அடையாளமே அதுதான். அது தெரியாமல் ஒரு பக்கத்தை அரைவாசி தேய்த்த பிறகுதான் படத்தைப் பார்த்தேன். ஒஸ்ரின் சோமசெற் என்கிற பழைய கார்கள் ஓடித் திரிந்த ஊரில் இருந்துகொண்டு பழைய கார் ஒன்றை ஒருக்கா வடிவாகப் பார்க்காமல் சாண்ட் பேப்பரை எடுத்தது என் மொக்குத்தனம்.

கதவு, பொனற், டிக்கி இடுக்குக் கோடுகளைப் பற்றி ஒரு கணக்கு. நிறத்துக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சான பிரைமரும், நிறமும், அதன் மேல் அடிக்கிற நிறமில்லாத கிளியர் கோட்டும் சேர்ந்து 0.1 மில்லிமீற்றர் தடிப்பு வந்தால், 1:24 அளவில் அது உண்மையான காரில் 2.4 மில்லிமீற்றருக்குச் சமம். ஆழமில்லாத கோடு அதற்குள் புதைந்துவிடும். அதனால் பிரைமர் அடிக்க முதலே கத்தி அலகின் முதுகால் கோட்டின் வழியே மெதுவாக இழுத்து ஆழமாக்குங்கள். பெயின்ற் அடித்த பிறகு கீறினால் விளிம்பு பொரிந்துவிடும்.

இடைவெளி, பள்ளம் அடைக்கிற புட்டியைத் தடிப்பாக அப்பினால் காயும்போது சுருங்கிக் குழி விழும். மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, திரும்பப் பூசுங்கள். சிவப்புப் பிளாஸ்ரிக் மேல் நேரே வெள்ளை அடித்தால் சிவப்பு ஊறி ரோஸ் நிறமாகும். நடுவில் வெள்ளி நிறம் ஒரு கோட் போட்டால் அது தடுக்கும்.

பிரைமர் விஷயத்தில்தான் கையில் காசில்லாதவர்கள் மாட்டுப்படுவது. ரவுணில் கிடைக்கிற வாகனப் பிரைமர் உலோகத்துக்குச் செய்தது, அதிலுள்ள, பெயின்ற்றைக் கரைக்கிற தின்னர் பிளாஸ்ரிக்கைத் தின்று வலை போல வெடிப்பு விழுத்தலாம். நான் பாவிப்பதும் அதுதான், ஆனால் முதலில் பாகங்கள் ஒட்டியிருந்த வெறும் சட்டத்தில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான்.

அதோடு நாளையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் லாக்கர் (தின்னரில் கரைத்த, கெதியில் காய்கிற பெயின்ற்) அடித்தால் ஈரம் பிடித்துப் பால் போல வெளுக்கும். சோளகக் காற்று வீசும்போது விறாந்தையில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி விழும், செம்மண் தூசி வேறு. வெயில் ஏறின, காற்று எழும்பாத காலை நேரம்தான் எனக்குச் சரிவந்தது. யன்னலைத் திறந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள்.

பிரைமர் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே நிறத்துக்குப் போகாதீர்கள். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாருங்கள். தின்னர் மணம் வந்தால் அடியில் இன்னும் காயவில்லை, ஒரு பெட்டியால் மூடி வைத்துவிட்டு நாளைக்கு வாருங்கள்.