பழைய டர்போ கார் சூடானபோது: என் அனுபவம்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய டர்போ பெட்ரோல் கார், கோவை சிக்னல்களில் நின்றாலே சூடேறியது. நெடுஞ்சாலையில் ஓட்டினால் சூடு இறங்கிவிடும். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், நிற்கும்போது ஃபேன்தான் அதைச் செய்ய வேண்டும். அதனால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்.

மீட்டர் முள்ளை நான் நம்புவதில்லை. பல கார்களில் கொஞ்சம் சூடு ஏறினாலும் அது நடுவிலேயே நிற்கும். காரின் கணினியிலிருந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் மாட்டினேன். 108 டிகிரி தாண்டியும் ஃபேன் அசையவில்லை. பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தால் சுற்றியது. சரி, மோட்டார் நல்லது. அடுத்த சந்தேகம், ஃபேனுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு சுவிட்சான ரிலே மேல். அதே ரக ஹாரன் ரிலேயைக் கழற்றி ஃபேன் ரிலே இடத்தில் செருகியதும் ஓடத் தொடங்கியது. புது ரிலே போட்டேன்.

இவ்வளவு சூடேறியதால், அப்புறம் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) பழுதாகியிருக்குமோ என்ற கவலை. கூலன்ட் தொட்டி வாயில் நீலத் திரவச் சோதனை செய்தோம். எரிந்த வாயு கசிந்தால் நீலம் மஞ்சளாகும். மாறவில்லை. டர்போ கார் வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையைப் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.