போல்ட்டை அடித்து மூடினால் நிற்குமா?

"அங்கிள், எவ்வளவு இலேசாக்கலாம்?" எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் .22 ரைஃபிளுக்குப் (சிறு தோட்டா போடும் நீளத் துப்பாக்கி) புது ட்ரிகர் மாட்டும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். குதிரையை, அதாவது விரலால் இழுக்கும் விசையை, எவ்வளவு குறைந்த பலத்தில் இழுக்கலாம் என்று அர்த்தம். நான் சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "போல்ட்டை அடித்து மூடினால் குதிரை நிற்குமா?" போல்ட் என்பது தோட்டாவைத் தள்ளிக் குழலை மூடும் இரும்புத் தண்டு. அதைப் பலமாக மூடினாலும், விரல் படாமல் குதிரை தானாக விடக்கூடாது.

வேலையை ரேஞ்ச் மேசையிலேயே, ரேஞ்ச் ஆபீசர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸோடு இருக்கும் பொருள் அது. வீட்டுத் திண்ணையில் வைத்துக் கழற்றுகிற சாமான் இல்லை. தோட்டாப் பெட்டி வேறு மேசைக்குப் போகட்டும். மேகசினைக் கழற்றி, போல்ட்டை எடுத்து, டார்ச் அடித்துக் குழலைப் பாருங்கள்.

இப்படி மாட்டும் பல ட்ரிகர்களில் மூன்று ஸ்க்ரூ இருக்கும். எது எங்கே என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூட வந்த தாளைப் பார்க்காமல் ஆலன் கீயைத் தொடாதீர்கள்.

முதலாவது எடை ஸ்க்ரூ, குதிரையை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்கானது. இது சுலபம், ஸ்பிரிங்கை அமுக்குவதும் விடுவதும்தான். ஐ.எஸ்.எஸ்.எஃப். (உலகத் துப்பாக்கி சுடும் சம்மேளனம்) விதியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். நம் .22 ரைஃபிளுக்குக் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு ஆசை வருவதும் அதனால்தான். நான் 900 கிராமில் தொடங்கச் சொல்வேன். இழுக்கும் எடையைக் காட்டும் கேஜை மாட்டிப் பத்து முறை இழுத்து எழுதுங்கள். ஒரு தடவை 860, அடுத்த தடவை 950 என்று ஆடினால் உள்ளே அழுக்கு இருக்கிறது. முதலில் அதைத் துடைக்க வேண்டும்.

சோதனைக்குச் சும்மா சுடும்போது வெறும் குழலில் அடிக்காதீர்கள். .22 ரிம்ஃபயர் வகை, அதாவது தோட்டாவின் விளிம்பில் அடித்தால் வெடிப்பது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் குழல் விளிம்பைக் குத்திவிடும். சுட்ட தோட்டாவின் காலிக் கூடு ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் சுற்றி வையுங்கள்.

இனி ஸியர் ஸ்க்ரூ. ஸியர் என்பது குதிரையை இழுக்கும்வரை ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்தும் கொக்கி. இரண்டு எஃகு விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு அகலம் உட்கார்ந்திருக்கின்றன என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. அகலம் கூடினால் குதிரை ஊர்ந்து ஊர்ந்து வரும். குறைந்தால் கண்ணாடி உடைவதுபோல் சட்டென்று விடும். என் அப்பா பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. மேலாக வெட்டினால் பால் வராது, ஒரு மயிரிழை கூடுதலாகக் கத்தி இறங்கினால் மரத்தில் காயம், அந்தப் பட்டை பிறகு முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும் என்பார். ஸியரும் அப்படித்தான். போல்ட்டை மூடி, குதிரை தானாக விடும்வரை ஸ்க்ரூவை அகலம் குறையும் பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். விட்ட இடத்திலிருந்து அரைச் சுற்று பின்னால் வாருங்கள். அதற்கும் குறைத்து நிறுத்தாதீர்கள். நான் ஒருமுறை கால் சுற்றோடு நிறுத்தினேன். பத்து முறை மூடியும் நின்றது. பதினோராவது முறை போல்ட் கைப்பிடி இறங்கும்போதே 'டக்' என்றது. உள்ளே இருந்தது காலிக் கூடு. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மூன்றாவது, குதிரை விட்ட பிறகு எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்பதற்கான ஸ்க்ரூ. இழுத்தாலும் விடாத அளவுக்கு முறுக்கி, விடும்வரை தளர்த்தி, மேலும் கால் சுற்று விடுங்கள்.

பிறகு சோதனை. போல்ட்டை இருபது முறை பலமாக அடித்து மூடுங்கள். ரப்பர் பாயில் ஒரு சாண் உயரத்திலிருந்து ரைஃபிள் கட்டையின் அடிப்பாகத்தைப் பத்து முறை தட்டுங்கள். சேஃப்டியைப் போட்டுக் குதிரையை இழுத்து விடுங்கள், பிறகு சேஃப்டியை எடுங்கள். இதில் எங்கேயாவது ஒரே ஒரு தடவை குதிரை தானாக விட்டாலும் ஸியரை அகலமாக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

எல்லாம் நின்றால் ஸ்க்ரூ தலையில் கியூடெக்ஸ் (நகப்பூச்சு) ஒரு சொட்டு வைத்து, காய்ந்த பிறகு கேஜை மறுபடி போட்டுப் பாருங்கள். உள்ளே கெட்டி எண்ணெய் விடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது பிசினாகித் தூசியைப் பிடிக்கும், ஸியர் முழுதாக உட்காராது. லைட்டர் பெட்ரோலால் கழுவிக் காயவிட்டால் போதும்.