ஐதரசனும் மூடிய கட்டடமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மாமா முள்ளியவளையில் பற்றறி சார்ஜ் பண்ணிக் கொடுப்பவர். தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் ஏது? படம் பார்க்க, ரேடியோ கேட்க என்று சனம் பற்றறியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வரும். ஒரு மாரி நாள். தூவானம் அடிக்கிறதென்று அறைக் கதவையும் யன்னலையும் சாத்தியிருந்தார். ஜெனரேற்றர் பின்பக்கம் ஓடியது. இருட்டுகிறதே என்று நான் ஜாம் போத்தல் விளக்கோடு உள்ளே கால் வைத்தேன். "வெளியில கொண்டு போடா!" என்று மாமா போட்ட சத்தத்தில் விளக்கு கைநழுவாததே பெரிய காரியம். மூடி கழற்றிய பற்றறிகளில் அசிட் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. குமிழியில் இருந்தது ஐதரசன், தீப்பட்டால் வெடிக்கக்கூடிய வாயு.

அணு உலை விபத்திலும் அதே வாயுதான். குளிர்விக்கும் தண்ணீர் இல்லாமல் எரிபொருள் சூடேறினால், அதைச் சுற்றியுள்ள சிர்க்கோனியம் என்ற உலோக உறை நீராவியோடு தாக்கம் புரிந்து ஐதரசனை விடுகிறது. 1200 பாகை செல்சியசைத் தாண்டினால் அந்தத் தாக்கத்துக்குக் கடிவாளமே இல்லை. மாமா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். உலையைச் சுற்றியுள்ள கொங்கிறீட் கவசக் கட்டடத்தில் அப்படிச் செய்ய முடியாது. கதிரியக்கப் பொருளும் கூடவே வெளியேறிவிடும்.

ஐதரசன் வளியில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை தீப்பிடிக்கும். கட்டடத்தின் சராசரி 3 தானே என்று ஆறுதல் அடைவது முதல் தவறு. அதே நேரத்தில் கூரையடியிலோ ஒரு மூலை அறையிலோ 10 இருக்கலாம். ஒரே இடத்தில் அளந்தால் அது தெரியாது.

அடுத்தது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. எனக்கு இதுதான் பயங்கரமாகப் படுகிறது. கட்டடத்துள் நீராவி ஏறத்தாழ 55 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ஐதரசன் இருந்தாலும் எரியாது. நீராவியே அதை அமர்த்தி வைத்திருக்கும். அமுக்கம் ஏறுகிறதென்று மேலிருந்து தண்ணீரைத் தெளித்தால் என்ன ஆகும்? அமுக்கம் இறங்கும், நல்லதுதான். ஆனால் நீராவியும் ஒடுங்கித் தண்ணீராகிவிடும். மிஞ்சுவது ஐதரசனும் வளியும். எரியாமல் இருந்த கலவையை நாமே எரியக்கூடியதாக்கிவிடுகிறோம். தெளிக்கவே கூடாதென்பதல்ல, எப்போது, எவ்வளவு என்பதை ஐதரசன் அளவையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

சரி, பிளாட்டினம், பலேடியம் பூசிய ஊக்கித் தட்டுகள் இருக்கின்றனவே என்பார்கள். கடலுக்கு அப்பால் கூடங்குளத்திலும் அவை உண்டு. கரண்ட் இல்லாமலே ஐதரசனையும் ஒட்சிசனையும் சேர்த்துத் தண்ணீராக்கும், அருமையான சாமான். ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஐதரசன் திடீரென்று குவிந்தால், சூடேறிய தட்டே தீக்குச்சியாகிவிடவும் கூடும்.

கருவி காட்டுவதை நம்பாமல் விடுவதும் நடந்திருக்கிறது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஐதரசன் எரிந்து, அமுக்கம் ஒரு கணம் ஏறத்தாழ 2 பார், அதாவது வளிமண்டல அமுக்கத்தைப் போல் இரண்டு மடங்கு, எகிறியது. கட்டடம் தாங்கிக்கொண்டது. கருவியில்தான் ஏதோ பிழை என்று அப்போது தட்டிக்கழித்துவிட்டார்கள்.

கவசத்துக்குள் மட்டும் கவனம் வைப்பது இன்னொன்று. 2011 மார்ச்சில் யப்பானின் புகுஷிமாவில் கவசத்துள் ஒட்சிசனுக்கு இடம் விடாமல் நைதரசன் நிரப்பியிருந்ததால் அங்கே எரியவில்லை. கசிந்த ஐதரசன் வெளிக் கட்டடத்தின் மேல்மாடியில் சேர்ந்தது. 12ஆம் திகதி முதலாம் உலைக் கட்டடம் வெடித்தது, 14ஆம் திகதி மூன்றாவது. 15ஆம் திகதி வெடித்த நாலாவது உலைக்குள் எரிபொருளே இல்லை. மூன்றாவதின் ஐதரசன் பொதுவான குழாய் வழியாக அங்கே போயிருந்தது. முதல் நாலு கட்டடங்களில் இரண்டாவது மட்டும் தப்பியது. முதலாவது வெடித்த அதிர்ச்சியில் அதன் சுவர்ப் பலகை ஒன்று பெயர்ந்து விழுந்திருந்தது. வாயு அந்த ஓட்டையால் போய்விட்டது.

மாமாவும் மறுகிழமை முகட்டுத் தகரம் ஒன்றை உயர்த்திக் கட்டினார். மழைக்கு ஒழுகியது. கீழே ஒரு வாளி வைத்தார்.