பழைய டிசைனர் உடுப்பு: அளவிலும் அலசலிலும் செய்யக்கூடாதவை

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் பல வீடுகளில் கல்ஃப் பெட்டியோடு வந்த பிராண்ட் உடுப்புகள் பீரோவில் கிடக்கும். அவற்றை இப்போது பிள்ளைகள் தேடி எடுத்து உடுக்கிறார்கள். போதாததற்கு ஆன்லைனிலும் பழசை வாங்குகிறார்கள். அதில் காசு வீணாவது பெரும்பாலும் அளவில்தான்.

லேபிளில் 8 என்று இருந்தால் இன்றைய 8 என்று எண்ணாதீர்கள். அமெரிக்க அரசின் 1958 அளவுத் தரத்தில் பெண்களுக்கான 8 என்றால் மார்பு 31 அங்குலம், இடுப்பு 23.5. நம் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே இறுக்கும்! 1983இல் அந்தத் தரம் விலக்கப்பட்டது; கம்பெனிகள் தத்தம் இஷ்டப்படி அளவைத் தளர்த்திக்கொண்டன. நாட்டுக்கு நாடும் எண் மாறும்: இத்தாலியின் 42, பிரான்ஸின் 38, அமெரிக்காவின் 6 மூன்றும் ஏறக்குறைய ஒன்றே.

உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் டேப் பிடித்து இரண்டால் பெருக்குங்கள். விற்பவரிடமும் அதே அளவைக் கேளுங்கள். வெறும் உடம்பை அளந்து வாங்கினால் மூச்சுவிட இடமிருக்காது. பக்கத் தையலைப் பிரித்துவிடலாம் என்பவர்களுக்கு ஒன்று: பழைய ஊசித் துளையும், வெளுக்காத துணியின் பட்டையும் வெளியே தெரியும். தோள் இறுக்கமென்றால் வாங்கவே வேண்டாம், அது டெய்லர் கைக்கு அடங்காத வேலை.

அடுத்தது தண்ணீர். பட்டும் கம்பளியும் புரத இழை. தினசரி சோப்புத்தூளின் காரமும், கறை தின்னும் என்சைமும் அந்தப் புரதத்தையும் சேர்த்தே அரிக்கும். குளோரின் பிளீச் கரைத்தே விடும். ரேயான் நனைந்தால் வலுவிழக்கும், அதனால் பிழியாதீர்கள், கொடியில் தொங்கவிடாதீர்கள். துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, நிழலில் படுக்கையாகக் காயப்போடுங்கள். லைனிங் வைத்த கோட்டை நனைக்கவே கூடாது. மேல்துணி ஒரு அளவுக்கும் உள்துணி வேறு அளவுக்கும் சுருங்கும். அசிடேட் என்ற, பட்டுபோல மினுங்கும் செயற்கைத் துணி லைனிங்கில் நெயில்பாலிஷ் ரிமூவர் பட்டால் ஓட்டைதான். எதை நனைப்பதற்கு முன்பும், உள்மடிப்பில் ஈர வெள்ளைத்துணி வைத்து அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். அலக்குகல் (துணி துவைக்கும் கல்) பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

குமரியில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. பிளாஸ்டிக் உறையில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டித்துணியில் சுற்றுங்கள். கஞ்சி போட்டு வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. அந்துருண்டையோடு கற்பூரத்தையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அவை ஒன்றையொன்று தொட்டால் நம் ஊர் வெக்கையிலேயே உருகி, துணியில் எண்ணெய்போலக் கறையாக இறங்கும்.