லீக் வந்தால் சூட்டை ஏற்றாதீர்கள்

போன வாரம் சென்னை மாதவரத்தில் ஒரு மசாலா யூனிட்டுக்கு சர்வீஸுக்குப் போயிருந்தேன். பொடியை நிரப்பி பாக்கெட்டை ஒட்டுகிற பவுச் மெஷின் முன்னால் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பையன். பாக்கெட் லீக். அவன் கை நேராக டெம்பரேச்சர் கன்ட்ரோலருக்குப் போகிறது. 150, 155, 160. ஒவ்வொரு தடவை ஏற்றியதும் ஒரு பாக்கெட்டை எடுத்து அமுக்கிப் பார்க்கிறான், தலையை ஆட்டுகிறான், மறுபடி ஏற்றுகிறான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் வியாசர்பாடியில் நானும் இப்படித்தான் நின்றேன்.

மசாலா, மிக்சர், வத்தல் என்று கையால் பாக் பண்ணிக்கொண்டிருந்த சின்ன யூனிட்கள் இந்தப் பக்கம் வரிசையாக மெஷினுக்கு மாறுகின்றன. மாறுகிறவர்கள் எல்லாரும் அதே சில பள்ளங்களில்தான் விழுகிறார்கள், அதைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். துடைத்து வை, எண்ணெய் விடு என்பதெல்லாம் மானுவலிலேயே இருக்கிறது. அதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை.

கேட்லாக் வேகம்

'நிமிஷத்துக்கு 60 பாக்கெட்' என்பது வெறும் ஃபில்மை ஓட்டிக் காட்டுகிற கணக்கு. உங்கள் பவுடரையும் உங்கள் ஃபில்ம் ரோலையும் தூக்கிக்கொண்டு மெஷின் விற்பவரிடம் போய் ஓட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சூட்டை ஏற்றுவது

சீல் ஒட்டுவதற்கு மூன்று வேண்டும். சூடு, அழுத்தம், ஜா (ஃபில்மை நடுவில் வைத்து அமுக்கி ஒட்டுகிற சூடான இரும்புத் தாடைகள்) மூடியிருக்கும் நேரம். நேரத்தைக் கூட்டினால் வேகம் குறையும், முதலாளி சத்தம் போடுவார். அழுத்தத்தைப் பார்க்க மெஷினை நிறுத்தி ஸ்பேனரை எடுக்க வேண்டும். சூட்டுக்கு மட்டும் விரல் நுனியில் பட்டன் இருக்கிறது. அதனால் எல்லா வியாதிக்கும் அதுவே மருந்தாகிவிடுகிறது.

மசாலா ஃபில்மில் வெளிப்பக்கம் பாலியெஸ்டர், உள்பக்கம் பாலி, அதாவது பாலித்தீன். பாலி 110 டிகிரி பக்கத்தில் இளகிவிடும். பாலியெஸ்டர் 250-ஐத் தாண்டினால்தான் உருகும். வெளித்தோல் அப்படியே நிற்க, உள்தோல் மட்டும் இளகி ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. சூடு மீறினால் இளகிய பாலி நசுங்கி ஓரத்துக்கு ஓடிவிடும், ஒட்டுகிற இடத்தில் சரக்கே இருக்காது. சீல் பார்க்க அழுத்தமாக இருக்கும். ஆனால் அதன் ஓரம் அப்பளம் மாதிரி ஆகிவிடும். மெஷின் பக்கத்தில் அமுக்கினால் தாங்கும். அட்டைப்பெட்டியில் அடுக்கி, டாடா ஏஸில் ஏற்றி, நாலு ஸ்பீட் பிரேக்கர் தாண்டினால் பிளந்துகொள்ளும்.

வியாசர்பாடியில் எனக்கு நடந்தது இதுதான். 50 கிராம் சாம்பார் பொடி. சாயங்காலம் லீக் ஆரம்பித்தது. 150-லிருந்து 180 வரைக்கும் போனேன். அமுக்கினால் தாங்கியது, 'சரியாயிடுச்சு சார்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். ராத்திரி முழுக்க ஓடி, பத்தாயிரம் பாக்கெட்டுக்கு மேல் விழுந்திருந்தது. இரண்டு நாளில் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. பெட்டிக்குள் பொடி, பொடிக்குள் பாக்கெட். பொடியையாவது சலித்து எடுக்கலாம். அச்சடித்த ஃபில்மை என்ன செய்வது? முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. என் சர்வீஸ் பில்லில் கழித்துக்கொண்டார்.

திரும்பி வந்ததைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்த பாக்கிங் அக்கா ஒருத்தர்தான் முதலில் கண்டுபிடித்தார். "இன்னா தம்பி, எல்லா பாக்கெட்டும் ஒரே மூலைலதான் உதிருது?" அதுவரைக்கும் நான் அதைப் பார்க்கவே இல்லை. லீக் என்றால் லீக், எந்த இடத்தில் என்று பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் என் சீனியர் அண்ணன் வந்தார். கன்ட்ரோலரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹீட்டரை அணைத்து, ஜா ஆறும்வரை காத்திருந்தார். ஆபீஸ் மேஜையில் கிடந்த பில் புக்கிலிருந்து ஒரு கார்பன் தாளை உருவினார். வெள்ளைத்தாளையும் கார்பனையும் சேர்த்து இரண்டு ஜாவுக்கும் நடுவில் வைத்து ஒரு தடவை மூட வைத்தார். தாளை விரித்துக் காட்டினார். ஜாவின் பல் வரிசை இடது பக்கம் கறுப்பாகப் பதிந்திருந்தது. வலது பக்கம் போகப் போக மங்கி, கடைசி இரண்டு விரல்கடை வெறும் வெள்ளை. அந்த மூலையில்தான் பொடி உதிர்ந்தது.

ஜாவைக் கழற்றினால், அதற்கும் அது உட்காரும் தகட்டுக்கும் நடுவில் கருகிப்போன பாலித் துணுக்கு ஒன்று, மிளகு அளவு. ஃபில்ம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஜாவில் போடும் டெஃப்ளானை மாற்றக் கழற்றியவர்கள் துடைக்காமல் பூட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் தூக்கி நின்றதால் மறுபக்கம் அமுங்கவே இல்லை. அமுங்காத இடத்தில் 180 என்ன, 200 வைத்தாலும் ஒட்டாது. ஒட்டிக்கொண்டிருந்த பக்கம்தான் கருகும். கருகினால் இன்னும் துணுக்கு சேரும். சுரண்டித் துடைத்துப் பூட்டியதும் 150-லேயே ஓடியது.

அதனால் லீக் வந்தால் முதலில் ஒரு பக்கெட் தண்ணீர். பத்து பாக்கெட்டை முக்கி அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். பத்திலும் ஒரே இடம் என்றால் கார்பன் தாள். இடம் மாறி மாறி வந்தால் சீலுக்குள் பொடி மாட்டுகிறது. ஜா மூடுவதற்குள் பொடி முழுசாக இறங்கவில்லை. சாயங்காலம் மட்டும் லீக் என்றால் வோல்டேஜைப் பாருங்கள். 230 இருக்க வேண்டியது 190-க்கு இறங்கினால் ஹீட்டரின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இவ்வளவையும் பார்த்த பிறகு சூட்டைத் தொடுங்கள், அதுவும் ஐந்து டிகிரி.

இப்போது எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர் பில். கார்பன் தாளை பாரிமுனையில் தேடி வாங்கி டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன்.

கம்ப்ரசர் தண்ணீர்

கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மெஷினுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசரின் டேங்கில் அது தண்ணீராகத் தேங்கும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் தினமும் காலையில் டேங்க் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்று சொல்பவர் அந்தத் தண்ணீரில் கெட்டுப்போகிற சிலிண்டர் ரப்பர் சீலை விற்பவராக இருப்பார்.

எடையைத் தாராளமாக வைப்பது

50 கிராமுக்குக் குறைந்தால் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து 52 வைப்பார்கள். பொட்டல எடை விதிகளில் 50 கிராம் பாக்கெட் ஒன்று தனியாக 9 சதவீதம் வரை குறையலாம், சராசரிதான் குறையக்கூடாது. நிமிஷத்துக்கு 30 பாக்கெட், எட்டு மணி நேரம், பாக்கெட்டுக்கு 2 கிராம் என்றால் ஒரு ஷிஃப்டில் கிட்டத்தட்ட 29 கிலோ பொடி சும்மா போகிறது. ஏற்ற இறக்கத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் செட்டிங்கை இறக்குங்கள். பொடியை அளந்து இறக்கும் திருகான ஆகரைச் சரிபார்க்காமல் இறக்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

கதவு திறந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை ஷார்ட் பண்ணுவது

என் இடது ஆள்காட்டி விரல் நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது.

மெஷின் வந்ததும் பாக்கிங் அக்காக்களை நிறுத்துவது

சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போடுவார்கள். வருஷக்கணக்காகக் கையால் கட்டியவர்களுக்குப் பொடியைத் தொட்டதுமே ஈரம் தெரியும், ரோலைப் பிரித்ததுமே ஃபில்ம் மாறியிருப்பது தெரியும். மெஷினுக்கு இரண்டும் தெரியாது. வியாசர்பாடி முதலாளி அந்த அக்காவை நிறுத்தவில்லை. மெஷின் வாயில் உட்கார வைத்து, அரை மணிக்கு பத்து பாக்கெட் பக்கெட்டில் முக்கச் சொன்னார். அடுத்த தடவை நான் போனபோது, மெஷின் மூடியைத் திறக்கும் முன்னாலேயே அந்த அக்கா கேட்டார்: "சாப்ட்டுட்டியா தம்பி, இல்ல நடுவுல போவியா?"