கிரைண்டிங் செய்யும் கிராங்க் ஷாஃப்டுக்குப் பொருத்தமான பேரிங்

எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்டிங் செய்து, அதாவது தேய்ந்த பரப்பைச் சீராக அரைத்து, முடித்த பிறகு பேரிங் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குவதைவிட, பேரிங்கை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு அதற்கேற்பக் கிரைண்டிங் செய்யச் சொல்வதே முறை. ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங்குக்குள் சுழலும் ஷாஃப்டின் உருளைப் பகுதி) மைக்ரோமீட்டரால் பல கோணங்களில் அளந்து, தேய்மானத்தையும் கீறல்களையும் பார்த்தால், விட்டத்தில் 0.25 மி.மீ. குறைத்தால் போதுமா அல்லது 0.50 வரை போக வேண்டுமா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். அந்த அளவுப் பேரிங், ஷாஃப்டை எஞ்சின் பிளாக்கில் தாங்கும் மெயினுக்கும் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் கிடைக்கிறதா என்று சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரித்த பின்னரே ஷாஃப்டைப் பட்டறைக்கு அனுப்புங்கள். மெயின் ஓர் அளவிலும் ராடு வேறோர் அளவிலும் இருக்கலாம், அதில் குற்றமில்லை.

பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், ஷெல்லின் (பேரிங்கின் அரைவட்டத் துண்டு) முதுகில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். அங்குலக் கணக்கில் வரும் '020' என்பது 20 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ), அதாவது ஏறக்குறைய 0.50 மி.மீ.; அதை 0.20 மி.மீ. என்று வாசித்துவிடக் கூடாது. ஷெல்லின் வெளிவிட்டம் மாறாது, தடிமன்தான் கூடும் என்பதால், 0.25 அண்டர்சைஸ் (0.25 மி.மீ. குறைத்த ஜர்னலுக்கான) ஷெல் ஒவ்வொன்றும் ஸ்டாண்டர்டைவிட 0.125 மி.மீ. தடித்திருக்க வேண்டும். வளைந்த உட்பக்கத்தில் தட்டை முனை மைக்ரோமீட்டர் பொய் சொல்லும்; உருண்டை முனை தேவை.

ஷெல்களை இருக்கையில் பொருத்தி, மேல் மூடியான கேப்பை உரிய டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, உள்விட்டம் அளக்கும் போர் கேஜால் செங்குத்தாக அளந்து, அதிலிருந்து ஜர்னலின் விட்டத்தைக் கழித்தால் கிளியரன்ஸ், அதாவது எண்ணெய்க்கான இடைவெளி, கிடைக்கும். ஷெல்கள் சேரும் இடத்தில் உலோகம் சற்றுக் குறைத்தே செய்யப்பட்டிருக்கும் என்பதால் அங்கே அளந்து பயனில்லை. 50 மி.மீ. ஜர்னலுக்குச் சுமார் 0.05 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. இறுதிச் சொல் எஞ்சின் மேனுவலுடையது. கிளியரன்ஸ் குறைவாக இருந்தால் ஷாஃப்டைத்தான் திருத்த வேண்டும். ஷெல்லைச் சுரண்டும் பழைய பழக்கம், மயிரிழையளவே உள்ள மேற்பூச்சைப் போக்கிவிடும்; ஷெல்லின் முனைகளை அரத்தால் தேய்த்தால் பிடிப்புக் குறைந்து பேரிங் இருக்கையிலேயே சுழலும்.

ஜர்னல் ஓரத்து வளைவையும் கவனியுங்கள்: வளைவு சிறுத்தால் ஷாஃப்டில் விரிசல் விடும், பெருத்தால் ஷெல்லின் விளிம்பு அதன் மேல் ஏறி உராயும். நைட்ரைடிங் செய்த (நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கிய) ஷாஃப்டாக இருந்தால், கிரைண்டிங்குக்குப் பின் கடினத்தன்மையை மீண்டும் ஏற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. கடற்காற்று படும் ஊர் இது. பட்டறையிலிருந்து வந்த ஷாஃப்டில் உடனே எண்ணெய் பூசிவிடுங்கள்.

ஷாஃப்ட் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் முகத்தையும் தேய்த்திருந்தால் ஸ்டாண்டர்டு வாஷர் போதாது. ஓவர்சைஸ் வாஷர் போட்டு, டயல் கேஜ் வைத்து எண்ட் பிளே (ஷாஃப்டின் முன்பின் அசைவு) மேனுவல் அளவுக்குள் வருகிறதா என்று பார்த்த பிறகே எஞ்சினை மூட வேண்டும்.